வாணிபத் தலைமையில் ஒரு தமிழ்ப் பெண்மணி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





பெண்குலத்தின் பெருமை பற்றிப் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். இத்தகைய மேடைகளில் மங்கையர்க்கரசியாரைப் பேசுவோம், திலகவதியாரைப் பேசுவோம், காரைக்கால் அம்மையாரைப் பேசுவோம். அவர்களைப் பேசுவதால் நம் நாவும் நெஞ்சும் தூய்மையடைகின்றன. ஆயினும் இன்று நம்மோடு ஒரே காலத்தில் வாழ்கின்ற பெண்மணி ஒருவரை உங்கள் முன் நிறுத்த விரும்புகின்றேன். இதற்குக் காரணம் உண்டு.

காரைக்கால் அம்மையார் வணிகர் குடியிற் பிறந்தவர். வணிகன் ஒருவனுக்கே வாழ்க்கைப்பட்டவர். தந்தை பெருவணிகர்; கணவன் மரக்கலம் ஏறிப் பொருள் தேடியவன். தமிழர் வாணிபத்திற் சிறந்த மக்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் அந்நாள் தொட்டு நேற்றுவரை பேரேடும் பெட்டகச் சாவியும் ஆடவர் கையிலேயே இருந்து வந்தன. பெண்ணின் கையில் அடுக்களைச் சாவி மாத்திரமே இருந்தது. பேரேடு பெண் கைக்கு வந்தால் என்ன நிகழும் என்பதைக் காட்டுதற்கே இன்றைய பேச்சு.

சில மாதங்களுக்கு முன், க.பொ.த. சாதாரண தரத்திற் சித்தியெய்திய பிள்ளையொருத்தியின் தாயார் என்னைத் தேடி வந்தார். “ரீச்சர், இவள் கொமேஸ் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். அதைப் படிச்சு என்ன செய்யிறது? கச்சேரியிலை ஒரு கிளாக் வேலையெண்டாலும் கிடைக்குமோ?” என்று கேட்டார். கேள்வியிற் பிழையில்லை. போரினால் எல்லாம் இழந்து மீண்ட மண்ணில், மாதம் தவறாது வரும் அரசாங்கச் சம்பளத்தைத் தாய் நாடுவது இயல்பே. ஆயினும் வணிகக் கல்வியின் எல்லை கச்சேரி வாசலோடு முடிந்துவிடுமா என்று அன்றிரவு வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தத் தாயாருக்கு அன்று சொல்லாமல் விட்ட மறுமொழியையே இன்று இச்சபையிற் சொல்கின்றேன்.

சென்னையில் ஒரு வீடு

நான் கூறவந்த பெண்மணி இந்திரா நூயி. 1955 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 28 ஆம் நாள் சென்னையிற் பிறந்தவர். தியாகராய நகரில் வாழ்ந்த கட்டுப்பாடான இந்துக் குடும்பம் அவருடையது. பாட்டனார் ஓய்வுபெற்ற நீதிபதி, தந்தையார் வங்கி உத்தியோகத்தர், தாயார் இல்லத்தரசி. தமக்கையார் ஒருவர், தம்பியார் ஒருவர். வறுமையிற் பிறந்து வளர்ந்தவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். கல்வியும் மதிப்பும் முன்னரே குடிகொண்டிருந்த வீடு அது. உண்மையை மறைத்துப் புகழ்வது புகழாகாது.

அந்த வீட்டில் நிகழ்ந்த ஒன்று நம் கருத்துக்குரியது. இரவு உணவு வேளையிலே தாயார் தம் பெண்மக்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு வைப்பாராம். இன்று நீங்கள் பிரதம மந்திரி. அல்லது முதன் மந்திரி. அல்லது ஒரு நாட்டின் சனாதிபதி. பதவியேற்றால் என்ன செய்வீர்கள், பேசுங்கள் பார்ப்போம் என்பார். பேச்சு முடிந்ததும் யாருக்குத் தம் வாக்கு என்று தீர்ப்புச் சொல்வார். அதே தாயார், பதினெட்டு வயதானால் உங்களுக்குக் கலியாணம் முடித்துவிடுவேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே நாவில் இரண்டு சொல்! நம் வீட்டுத் தாய்மாரும் இப்படித்தான் அல்லவா? பிள்ளை உயர வேண்டும் என்ற ஆசை ஒரு கண்ணிலும், ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் மறு கண்ணிலுமாக அவர்கள் வாழ்கின்றார்கள்.

அந்நாளைச் சென்னையிலே குடிநீருக்குப் பெருந் தட்டுப்பாடு. விடியுமுன் குழாயிற் சிறிது நேரம் நீர் வரும். தாயார் எழுந்து பாத்திரங்களை நிரப்பி வைப்பார். அன்றைய பொழுதுக்கு அந்த நீரே. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவேன்.

கல்வியும் கடல் கடந்ததும்

இந்திரா தியாகராய நகர்க் கன்னியர் மடப் பாடசாலையிற் பயின்று, பின்பு தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயனம், பௌதிகம், கணிதம் ஆகியவற்றைக் கற்றார். கல்லூரியிலே பெண்கள் கிறிக்கற் குழுவில் விளையாடினார். கிற்றார் வாசித்தார். அக்காலத்துப் பெரியோர் சிலர் இவற்றையெல்லாம் எப்படி நோக்கியிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

அவருக்கு முன்னே வழி திறந்தவர் தமக்கையார் சந்திரிகா. அவர் அகமதாபாத் இந்திய முகாமைத்துவக் கழகத்தில் இடம் பெற்றபோது, மணமாகாத பெண்ணைத் தூர தேசத்துக்கு அனுப்புவதா என்று தாயார் உண்ணாவிரதம் இருந்தார். பாட்டனாரும் தந்தையாரும் பெண்ணின் பக்கம் நின்றனர். தமக்கை போனார், அவர் போன வழியே பின்னர் தங்கையும் போனார். கல்கத்தா முகாமைத்துவக் கழகத்தில் இந்திரா 1976 இல் பட்டயம் பெற்றார். ஒரு வீட்டில் மூத்தவளுக்குத் திறக்கும் கதவு இளையவளுக்கும் திறந்தே கிடக்கும் என்பதற்கு இதுவே சான்று. மூத்தவளைத் தடுத்தால் இளையவளையும் தடுத்தவர்களாவோம்.

இந்தியாவிலே ஓர் ஆலை நிறுவனத்திலும், ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனியிலும் அவர் பணியாற்றினார். பின்னைய கம்பனியில் அவர் ஏற்ற பொறுப்பு, மாதவிடாய்க் காலத்துக்குரிய அணையாடையை இந்தியச் சந்தையில் அறிமுகம் செய்வது. பத்திரிகையிலும் கடையிலும் அப்பொருளின் பேரை உச்சரிக்கவே மக்கள் கூசிய காலம் அது. அவர் கல்லூரிகளுக்குச் சென்று பெண்களிடம் நேரே பேசினார். சுகாதாரம் வெட்கப்படத்தக்கதன்று என்று எடுத்துச் சொல்வதும் வாணிபத்தின் கடமைகளுள் ஒன்றாம்.

1978 இல் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலைக்குச் சென்றார். கையிற் பணம் அருமை. நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்து மணிவரை விடுதி வாசலில் வரவேற்பாளராக வேலை பார்த்தார். இரவு வேலைக்கு மணிக்குச் சில சதம் கூடுதலாகக் கிடைத்தமையே அதற்குக் காரணம். அங்கே நிகழ்ந்த சம்பவம் ஒன்றைக் கேளுங்கள். உத்தியோக நேர்முகத்துக்கு மேல்நாட்டு உடை வேண்டும் என்று எண்ணி, ஐம்பது டொலருக்கு மலிவான உடை வாங்கி அணிந்து சென்றார். அளவும் பொருந்தவில்லை, அழகும் இல்லை. பார்த்தவர்கள் திடுக்கிட்டனர். அவர் கண்கலங்கி நின்றபோது, வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான பெண்மணி, இந்தியாவில் என்ன உடுத்திச் செல்வீர் என்று கேட்டார். சேலை என்றார் இவர். அப்படியாயின் அடுத்த நேர்முகத்துக்குச் சேலையோடே செல்லும். நீர் நீராகவே இருக்க உம்மை ஏற்காதவர்கள் உமக்கு வேண்டாம் என்ற கருத்தில் அப்பெண்மணி புத்தி கூறினார். அடுத்த நேர்முகத்துக்குச் சேலையுடன் சென்றார். அந்தக் கோடைக்கால வேலை கிடைத்தது. சேலை உடுத்தே அந்தக் கோடை முழுவதும் வேலையும் பார்த்தார்.

வாலிபர்களே, இதனைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. மாற்றார் தோற்றத்தைப் பொருந்தாமற் போர்த்துக்கொள்வதினும், உள்ளவாறே நின்று திறமையைக் காட்டுவது மேல். சேலையைக் கண்டு ஒருவரும் வேலை கொடுப்பதில்லை. சேலைக்குள் இருந்த அறிவுக்கே வேலை கிடைத்தது.

கம்பனியில் ஏற்றம்

1980 இல் பட்டம் பெற்று, அதே ஆண்டில் ராஜ் நூயி என்பவரை மணந்தார். பொஸ்ரன் ஆலோசனைக் குழுமம், மோட்டறோலா, ஏசியா பிறவுண் பொவேரி ஆகிய நிறுவனங்களிற் படிப்படியாக உயர்ந்தார். பொஸ்ரன் குழுமத்தில் இருக்கையில் தந்தையார் கொடிய புற்றுநோயால் வீழ்ந்தார். வேலையை விட்டுவிட எண்ணிய இந்திராவுக்கு அந்நிறுவனம் ஆறு மாதம் வரை சம்பளத்துடன் விடுமுறை அளித்தது. 1986 இல் அவரே மோட்டார் விபத்திற் சிக்கிப் பலத்த காயமுற்றபோதும் அந்நிறுவனம் கைவிடவில்லை. அந்த இரண்டு வேளைகளிலும் யாராவது “வேலையா, வீடா, ஒன்றைத் தெரிந்துகொள்” என்று சொல்லியிருந்தால், இன்று நாம் பேசுதற்கு இந்திரா நூயி என்று ஒருவர் இருந்திருக்கமாட்டார்.

1994 இல் பெப்சிக்கோ கம்பனியிற் சேர்ந்தார். உலகப் புகழ்பெற்ற வேறொரு பெருங் கம்பனியும் அவ்வேளை அவரை அழைத்தது. ஆயினும், உம்முடைய உதவி எமக்கே அதிகம் தேவை என்று பெப்சிக்கோவின் தலைவர் வேண்ட, அங்கே சென்றார். அங்கு அவர் செய்தது யாது?

கம்பனிக்குச் சொந்தமாகப் பெரிய உணவுச்சாலைத் தொடர்கள் இருந்தன. போத்தலில் அடைத்து விற்கும் தொழில் வேறு, சமைத்துப் பரிமாறும் தொழில் வேறு. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் ஏர் நேரே போகாது என்று கண்டறிந்தார். 1997 இல் அவ்வுணவுச்சாலைகள் தனிக் கம்பனியாகப் பிரிக்கப்பட்டன. மறு ஆண்டில் பழச்சாறு விற்கும் ட்றொப்பிக்கானா கம்பனி 3.3 பில்லியன் டொலருக்கு வாங்கப்பட்டது. 2001 இல் ஓற்ஸ் தானியத்துக்குப் பேர்போன குவேக்கர் கம்பனி இணைக்கப்பட்டது. தலைமை நிதி அதிகாரியாயிருந்த அவர் அவ்வாண்டே கம்பனியின் தலைவராகவும் உயர்ந்தார். 2006 ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் நாள் தலைமை நிறைவேற்று அதிகாரியானார். அக்கம்பனியின் வரலாற்றில் அப்பதவியை வகித்த முதற் பெண் அவரே.

அப்பதவிக்கு அவரோடு போட்டியில் நின்ற சக அதிகாரி ஒருவர் இருந்தார். தெரிவு முடிந்ததும் இந்திரா செய்த முதற் காரியங்களுள் ஒன்று, அவரிடம் நேரே சென்று, நீங்கள் கம்பனியை விட்டுப் போகக்கூடாது, எனக்குத் துணை நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டமை. நம் ஊர்ச் சங்கங்களிலே தெரிவில் தோற்றவர் மறுநாளே வேறு சங்கம் தொடங்குவதும், வென்றவர் அதைக் கண்டு மகிழ்வதும் வழமை. இந்த ஒரு பாடத்தையேனும் நாம் அவரிடம் கற்கலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் தலைமை தாங்கினார். 2006 இல் ஏறத்தாழ 35 பில்லியன் டொலராக இருந்த ஆண்டு வருமானம் 2017 இல் 63.5 பில்லியனாக உயர்ந்தது. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் அக்கம்பனியிற் பணியாற்றினர். 2013 ஆம் ஆண்டளவிற் பெரும் பங்குதாரர் ஒருவர் கம்பனியை இரண்டாகப் பிளக்க வேண்டும் என்று நெருக்கினார். இவர் சில ஆண்டுகள் வாதாடி, இசையாமல் நின்று, பிளவின்றியே கம்பனியைக் காத்தார். 2018 ஒக்ரோபரிற் பதவியிலிருந்து தாமே இறங்கினார். இந்திய அரசாங்கம் 2007 இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது.

மகுடமும் பாலும்

இனி, உலகமெல்லாம் பேசப்பட்ட ஒரு சம்பவம். கம்பனியின் தலைவராக நியமிக்கப்பட்ட அன்றிரவு பத்து மணியளவில், அச்செய்தியைச் சொல்ல ஆவலுடன் வீடு திரும்பினார். மாடிப்படியில் தாயார் நின்றார். செய்தி இருக்கட்டும், வீட்டிற் பால் இல்லை, போய் வாங்கி வா என்றார். கணவர் வீட்டிலிருந்தார், களைத்திருக்கிறார் என்று தாயார் அவரைக் கேட்கவில்லை. இவர் போய்ப் பால் வாங்கி வந்து மேசையில் வைத்து, எனக்குக் கிடைத்த பதவியைச் சொல்ல வந்தேன், நீங்கள் பாலைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று வெகுண்டார். தாயாரோ, வெளியிலே நீ எதுவாகவும் இருக்கலாம், இந்த வீட்டுக்குள் நீ மகள், மனைவி, தாய். உன் மகுடத்தை வண்டிக் கொட்டகையில் வைத்துவிட்டு வா என்ற கருத்துப்பட மறுமொழி சொன்னார்.

இக்கதையைக் கேட்டு நம்மவர் பலர் தலையசைப்பர். எத்துணை உயர்ந்தாலும் பெண் அடக்கத்தை விடலாகாது, பாருங்கள் என்பர். அதில் உண்மை உண்டு. அடக்கம் அணிகலம். ஆனால் அது ஆணுக்கும் அணிகலம் அன்றோ? களைத்து வந்த மருமகனின் களைப்புக் கண்ணிற் பட்டது. களைத்து வந்த மகளின் களைப்பு ஏன் கண்ணிற் படவில்லை? ஒரு பெரிய கம்பனியின் தலைவிக்கே இந்த நிலை என்றால், விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலை வாகனத்தில் ஏறிச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்பி, அடுப்பு மூட்டும் நம் ஊர்ப் பிள்ளையின் களைப்பை யார் காண்பார்கள்?

இந்திரா தாமே இதனை ஆழ்ந்து எண்ணியவர் என்பது 2021 இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலால் விளங்குகின்றது. தனித் திறமையால் மட்டும் உயர்ந்தேன் என்று அதில் அவர் பறைசாற்றவில்லை. இரண்டு பெண் குழந்தைகளை வளர்த்தெடுக்கத் தாயாரும் உறவினரும் துணை நின்றதையும், கணவர் தோள்கொடுத்ததையும், நிறுவனங்கள் விடுமுறை கொடுத்ததையும் நன்றியோடு குறிக்கின்றார். பிள்ளை பராமரிப்பு, சம்பளத்துடன் கூடிய விடுமுறை, நெகிழ்வான வேலைநேரம் ஆகியன இல்லாமற் பெண்கள் உயர முடியாது என்பதே அவர் வாதம். செல்வத்திற் சிறந்த ஐக்கிய அமெரிக்காவிலே, பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்கவேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் நாடளாவிய சட்டம் இல்லை. 1993 ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளமற்ற பன்னிரண்டு வாரங்களையே உரிமையாக்கியது. நம் இலங்கையிலோ கடை, அலுவலக ஊழியப் பெண்களுக்கு 84 வேலைநாட்கள் சம்பளத்துடன் சட்டம் வழங்குகின்றது. ஏழை நாடாயினும் இவ்வொன்றில் நாம் தலைநிமிரலாம். சட்டம் அறியாத தாய்மார் இதனை அறிந்துகொள்ளுங்கள்.

மற்றொரு செய்தி. பதவியேற்ற பின் தாய்நாடு சென்றிருந்தபோது, வீட்டுக்கு வந்தோர் தம்மை வாழ்த்தாமல், இப்படி ஒரு மகளை வளர்த்தீர்களே என்று தாயாரை வாழ்த்தியதைக் கண்டார். அதன்பின் தம் கீழுள்ள உயர் அதிகாரிகளின் பெற்றோருக்கு, உங்கள் பிள்ளையை எங்களுக்குத் தந்தமைக்கு நன்றி என்று கடிதம் எழுதலானார். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கடிதங்கள் போயின. மாதா பிதாவைத் தெய்வமாக நினைக்கும் மரபு ஒரு பெருங் கம்பனியின் அலுவலகத்துக்குள்ளும் புகுந்தது.

குறை கூறுவோர்க்கு

இங்கே இளைஞர் ஒருவர் எழுந்து, சீனி கலந்த நீரை விற்ற கம்பனியின் தலைவியையா புகழ்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊரிலே நீரிழிவில்லாத வீடு அரிதாகிவிட்டது. குழந்தைகள் இளநீரை விட்டுப் போத்தலைக் கேட்கின்றார்கள். 2003 இலும் 2006 இலும் டெல்லியிலுள்ள ஓர் ஆய்வு நிலையம், இந்தியாவில் விற்கப்பட்ட மென்பானங்களிற் கிருமிநாசினி எச்சம் உண்டு என்று அறிவித்தபோது, பெப்சிக்கோவும் குற்றஞ்சாட்டப்பட்ட கம்பனிகளுள் ஒன்று. கம்பனிகள் அதை மறுத்தன. அவர் பதவி நீங்கிய பின், 2019 இல் குஜராத்திலே உருளைக்கிழங்கு பயிரிட்ட ஏழைக் கமக்காரர் மீது அதே கம்பனி வழக்குத் தொடுத்து, நாடே எதிர்த்தபின் அதனை மீளப்பெற்றது. கமக்காரர்களாகிய நாம் இவற்றை மறத்தல் ஆகாது.

ஆயினும் அவர் இக்குற்றங்களைக் காணாதவர் அல்லர். இலாபத்தோடு நோக்கமும் வேண்டும் என்று தம் ஆட்சிக்கு ஒரு கொள்கை வகுத்தார். சீனியையும் உப்பையும் கொழுப்பையும் குறைப்பது, நீரைச் சிக்கனப்படுத்துவது, தொழிலாளரைப் பேணுவது என்பன அதன் கூறுகள். உடலுக்கு நலந்தரும் வகைகளின் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு 38 இலிருந்து 50 ஆக உயர்ந்தது என்பது அக்கம்பனியின் கணக்கு. விடியுமுன் தாயார் குழாயடியில் நீர் பிடித்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேனே, அதற்கு இப்பொழுது வருகின்றேன். தண்ணீர் இல்லாத மக்களிடையே தண்ணீரை உறிஞ்சும் ஆலை நடத்துவது எங்ஙனம் தகும் என்ற எண்ணம் அந்தச் சிறுமிப் பருவத்திலிருந்தே அவருள் ஊன்றியிருந்தது. அவர் முழுவதும் வென்றார் என்று சொல்லமாட்டேன். சீனி நீர் இன்றும் விற்கப்படுகின்றது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலாபம் கேட்கும் பங்குதாரர் முன்னிலையில், பத்து ஆண்டுக்கு அப்பாலுள்ளதைப் பேசத் துணிவு வேண்டும். குளத்தின் அணைக்கட்டை இந்தப் போகத்துக்காக மட்டுமா கட்டுகின்றோம்? வன்னி மண்ணில் வாழும் நமக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

அவர் தனியர் அல்லர்

அவர் தேவலோகத்துப் பெண் அல்லர். அவரைப்போல் வேறு சிலரும் உளர். நம் வயல்களிலே பல ஆண்டுகளாக உழுதுவரும் மசி பேர்குசன் உழவு இயந்திரத்தை அறியாத கமக்காரர் இல்லை. அக்கம்பனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் 1960 இல் தொடங்கியதே டாஃபே எனும் உழவு இயந்திர நிறுவனம். 1986 இல் அதிற் சேர்ந்து, அதனைப் பெருநிறுவனமாக வளர்த்தெடுத்தவர் மல்லிகா சீனிவாசன் என்ற தமிழ்ப் பெண்மணி. 2005 இல் ஐஷர் என்ற மற்றொரு கம்பனியின் உழவு இயந்திரப் பிரிவையும் அவர் தலைமையில் அந்நிறுவனம் வாங்கியது. கொழும்பிலோ, 2020 ஆம் ஆண்டில் ஹேமாஸ் எனும் பெருங் கம்பனிக் குழுமத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியாகக் கஸ்தூரி செல்லராஜா வில்சன் நியமிக்கப்பட்டார். இலங்கையில் பங்குச் சந்தையிற் பதிவு பெற்ற இத்தகைய குழுமம் ஒன்றுக்கு ஒரு பெண் தலைமை தாங்கியது அதுவே முதன்முறை. அவர் முகாமைக் கணக்கியல் கற்றவர். ஆம், அந்தத் தாயார் கேட்ட அதே “கொமேஸ்” வழி!

உலகிலே முதற் பெண் பிரதமரை 1960 இல் தந்த நாடு இலங்கை. ஆயினும் ஒரு பெருங் கம்பனிக் குழுமத்தின் தலைமை ஆசனத்திற் பெண் அமர அதன்பின் அறுபது ஆண்டுகள் சென்றன. நாட்டை ஆள்வதினும் பேரேட்டை ஆள்வது பெண்ணுக்குக் கடினமாயிற்றுப் போலும்!

நம் ஊரில்

இனி நம் வாசலுக்கு வருவோம். பூவரசங்குளத்திலே பெண்கள் கணக்கறியாதவர்களா? போருக்குப் பின் எத்தனை குடும்பங்களைப் பெண்களே தலைமை தாங்கி நடத்துகின்றார்கள்! கணவனை இழந்தவள் விதைநெல்லுக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு என்று விரலிலே கணக்கிட்டு ஒரு போகத்திலிருந்து மறு போகத்துக்குக் குடும்பத்தைக் கரைசேர்க்கின்றாள். மாதர் சங்கச் சேமிப்பிற் சதக் கணக்குப் பிசகாமல் வைத்திருப்பவர்களும் பெண்களே. இதுவும் முகாமைத்துவந்தான். கணக்கறியாமற் கையெழுத்திட்டு, வாரக் கடன்காரனுக்கு அஞ்சிக் கதவடைத்து இருந்தவர்களும் நம் பெண்களே. கடன் பத்திரத்தில் வட்டி வீதத்தை வாசித்து விளங்கக்கூடிய ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருந்திருந்தால், அந்தக் கண்ணீரிற் பாதி குறைந்திருக்கும். வணிகக் கல்வி எதற்கு என்று கேட்டால், முதல் மறுமொழி அதுவே. கம்பனித் தலைமை பின்பு வரட்டும்.

கல்விக்குத் தூர தேசம் போகவேண்டிய நிலையும் இன்றில்லை. இதே மன்னார் வீதியிலே பம்பைமடுவில் இயங்கிய வளாகம் 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கே வணிகக் கற்கைகளுக்கென்றே ஒரு பீடம் உண்டு. நம் வீட்டு வாசலில் ஏறும் பேருந்து அந்தப் பல்கலைக்கழக வாசலைக் கடந்தே வவுனியாவுக்குப் போகின்றது. இந்திராவின் தாயார் உண்ணாவிரதம் இருந்தது மகள் ஆயிரம் மைல் போகிறாளே என்று. நாம் எதற்காக இருப்போம்?

முடிவாக, சங்கத்து வாலிபர்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: வாசிகசாலையில் மாலை வேளையிற் கணக்கியலும் ஆங்கிலமும் கற்பிக்க ஒரு வகுப்பு வையுங்கள். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வீடு சேரும் வரை வீதியில் வெளிச்சமும் துணையும் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். இருட்டுக்கு அஞ்சியே பல பெண்பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகின்றது.

இரண்டு: இச்சங்கத்தின் நிருவாக சபையைப் பாருங்கள். கோலமிடுவதற்கும், நிறைகுடம் வைப்பதற்கும், அன்னதானத்துக்குக் காய்கறி அரிவதற்கும் பெண்பிள்ளைகளை அழைக்கின்றோம். கணக்குப் புத்தகத்துக்கு மாத்திரம் அழைப்பதில்லை. வருகின்ற பொதுக்கூட்டத்திலே பொருளாளர் பதவிக்கு ஒரு பெண்ணைத் தெரிவு செய்யுங்கள். தலைமை என்பது ஒரே நாளில் வருவதன்று. சிறு பேரேட்டிற் பழகிய கையே பெரும் பேரேட்டைத் தாங்கும்.

மூன்று: தம்பிமாரே, இது உங்கள் வீட்டில் இன்றிரவே செய்யத்தக்கது. உங்கள் அக்காவோ தங்கையோ புத்தகத்தோடு இருக்கும்போது அம்மா பால் வாங்கிவரச் சொன்னால், நீங்கள் எழுந்து போங்கள்.

அந்தத் தாயாரும் இச்சபையில் இருக்கின்றார் என்று நம்புகின்றேன். அம்மா, உங்கள் மகள் கொமேஸ் படிக்கட்டும். கச்சேரியிற் கிளாக் வேலை கிடைத்தாலும் நல்லதே. ஆனால் அவளது கனவுக்குக் கச்சேரிச் சுவரை எல்லையாக நீங்கள் கட்டிவிடாதீர்கள்.

பூவரசமர நிழலிலே பிறந்த பெண்பிள்ளைகள் பார்போற்ற வாழ எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் பாலிப்பாராக.